ஐம்பதுக்கு மேல் ஒரு பயிற்சிக் கூடம்

2020 ஜனவரி 31. பிஎஸ்என்எல் நிறுவனத்திலிருந்து அன்று ஒரே நாளில் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்கள். எல்லோரும் ஐம்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அடுத்த இரண்டாவது மாதம் கொரோனா ஊரடங்கு. கையில் கொஞ்சம் பணம், முன்னால் இன்னும் இருபது முப்பது வருட வாழ்க்கை, ஆனால் காலையில் குளித்துவிட்டுக் கிளம்பிப் போக ஓர் இடமில்லை. அந்த நிலைமை அவர்களோடு முடியவில்லை. வங்கியில் விஆர்எஸ் வாங்கியவர்கள், நாற்பத்தைந்து வயதில் ஐடி வேலை போனவர்கள், பதினைந்து பதினேழு வருட சர்வீஸ் முடித்து நாற்பதுக்குள்ளேயே ஊர் திரும்பும் ராணுவ வீரர்கள், அறுபதில் ஓய்வுபெறும் பி.டி. மாஸ்டர்கள், நர்ஸுகள் என்று அந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது.

முன்பெல்லாம் இவர்களுக்குச் சுற்றத்தார் சொல்லும் யோசனைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: எல்ஐசி ஏஜென்சி எடுங்கள், ஜெராக்ஸ் கடை போடுங்கள், ரியல் எஸ்டேட் பாருங்கள். இப்போது அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. யோகா வகுப்பு, பெண்களுக்கான சின்ன ஜிம், மொட்டைமாடி உடற்பயிற்சி, பெரியவர்களுக்கான வகுப்பு. 'நீங்களே ஃபிட்டா இருக்கீங்க, நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாமே' என்று யாரோ ஒருவர் சொல்கிற பேச்சில்தான் பெரும்பாலும் இது ஆரம்பிக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வயது ஒரு குறை என்று நினைக்கிறவர்கள் அதிகம். என் கருத்து நேர் எதிரானது. ஐம்பது வயதில் இதைத் தொடங்குகிறவரிடம் இருக்கும் உண்மையான முதலீடு அவருடைய வயதுதான். அதை மறந்துவிட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, இருபத்தைந்து வயதுப் பையன்களுக்காக ட்ரெட்மில் வாங்கிப் போடும்போதுதான் கஷ்டம் தொடங்குகிறது.

தெருவில் இருக்கும் கூட்டம்

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் 'லான்செட்' குழும இதழில் வந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தேசிய சராசரி 11.4 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 14.4. அடுத்த வருடம், அதாவது 2024-ல், உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். நாள் முழுக்க வீட்டுவேலை செய்கிறவர்கள்தானே பெண்கள், அவர்கள் எப்படி அதிகம் என்று கேட்கத் தோன்றும். நின்றுகொண்டே இருப்பதும் அலுத்துப்போவதும் வேறு, இதயமும் தசையும் பலம்பெறும்படி உழைப்பது வேறு.

வயதும் கூடிக்கொண்டு வருகிறது. 2021 நிலவரப்படி மாநில மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். இதில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

அரசும் இதைக் கவனித்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், படுத்த படுக்கையானவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுபோனது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வந்தது. நல்ல காரியங்கள். ஆனால் படுக்கையில் விழுந்தவருக்கும் 8 கிலோமீட்டர் நடக்கக்கூடியவருக்கும் நடுவில் ஒரு பெரும் கூட்டம் இருக்கிறது. முட்டி வலிக்கிறது, ஆனாலும் கடைக்குப் போய் வருகிறார்கள். டாக்டர் 'எக்ஸர்சைஸ் பண்ணுங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார். எந்த எக்ஸர்சைஸ், எத்தனை தடவை, எங்கே போய் என்று சொல்ல அவருக்கு நேரம் இல்லை. தெருமுனை ஜிம்முக்குள் எட்டிப் பார்த்தால் பாட்டு காதைப் பிளக்கிறது, சுவரெல்லாம் கட்டுமஸ்தான உடம்பின் படம். கௌன்ட்டரில் நிற்கும் பையன் 'ஆண்ட்டி, வெயிட் லாஸ் பேக்கேஜா?' என்று கேட்கிறான். அந்த அம்மா திரும்பி வந்துவிடுகிறார்.

அவரைத் திரும்பிப் போகவிடாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள், அவர் வயதை ஒட்டிய ஒருவர்தான்.

நாற்காலியில் தொடங்கும் முதல் நாள்

இப்படி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 62. சுகர் பத்து வருடமாக, பிரஷருக்கு மாத்திரை. 'உங்களுக்கு என்னம்மா வேணும்?' என்று கேட்டால், முதலில் 'வெயிட் குறையணும்' என்பார். அது டிவி சொல்லிக் கொடுத்த பதில். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வெளியே வரும். 'தரையில உக்காந்தா எழுந்திருக்க முடியல சார். கோயில்ல எல்லாரும் உக்காந்து சாப்பிடறாங்க, நான் மட்டும் சேர் கேக்க வேண்டியிருக்கு.'

பயிற்சித் திட்டம் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. எடைபார்க்கும் மெஷினை எடுக்க வேண்டியதில்லை. கை வைக்காத ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள், பின்னால் சரியாமல் இருக்கட்டும். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். உலகம் முழுக்க முதியோர் உடற்தகுதியை அளக்கப் பயன்படும் சோதனை இது. 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14 முறைக்குக் கீழ், பெண்கள் 12-க்குக் கீழ் வந்தால் சராசரிக்கும் குறைவு, விழுந்துவிடும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மா 7 முறை எழுந்தார் என்றால், நோட்டில் தேதி போட்டு 7 என்று எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து அது 11 ஆனால், அவர் உங்களை விட்டுப் போக மாட்டார். எடை அரைக்கிலோகூடக் குறையாமல் இருக்கலாம். அவர் கவலைப்பட மாட்டார்.

இது வெறும் ஆறுதல் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதைத் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு 1990-லேயே பதில் கிடைத்துவிட்டது. பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் மருத்துவமனையில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மரியா ஃபியடரோன் என்ற மருத்துவரின் குழு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தது. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது அறுபதில் முடியாதா? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 நிமிட நடைக்கு மேல், வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்கிறது; 65-ஐத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்க்கிறது. நம் ஊரில் நடை பரவிவிட்டது. தசைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் பரவவில்லை. தொழில் தொடங்குகிறவருக்கு இடம் காலியாக இருப்பது அங்கேதான்.

கருவி இல்லாத பாரம்பரியம்

இயந்திரம் இல்லாமல் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பெரிய அமைப்பையே கட்டியவர்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள். கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி நெசவுத் தொழிலில் வாழ்ந்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய எளிய முறை உடற்பயிற்சி, படுத்தும் உட்கார்ந்தும் செய்யக்கூடியது. சாதாரண வேட்டி, சேலையோடு வந்தவர்களும் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டவரே பயிற்சி பெற்று ஆசிரியராகி, தன் ஊர் மன்றத்தில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் பல ஊர்களில் அந்தச் சங்கத்தின் மனவளக்கலை மன்றத்தில் சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருப்பதைப் பார்க்கலாம்.

கோவை யோகா ஆசிரியை நானம்மாள் 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியபோது அவருக்கு வயது 98. அவர் ஆசனம் செய்து காட்டியபோது, 'எனக்கு வயசாயிடுச்சு' என்று எதிரே உட்கார்ந்திருந்தவர் சாக்குச் சொல்ல முடியவில்லை. வயது முதலீடு என்று நான் சொல்வது இதைத்தான்.

படிக்காமல் இறங்கக் கூடாது

'நான் பதினெட்டு கிலோ குறைத்தேன், அதனால் எனக்குத் தெரியும்' என்பது தகுதி ஆகாது. தன் உடம்புக்குப் பொருந்தியது எதிரே நிற்பவரின் தோளை முறித்துவிடக்கூடும். ராணுவத்தில் பயிற்சி கொடுத்தவருக்கும் இது பொருந்தும். இருபது வயது ரெக்ரூட்டை விரட்டிய அதே குரலில் அறுபது வயது ஆளிடம் பேச முடியாது.

யோகா என்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் தேர்வுகள் இருக்கின்றன. யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டரில் தொடங்கி, வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர், டீச்சர் என்று படிப்படியாகப் போகலாம். சென்னையில் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றிக் கொடுக்கும் முறைக்குப் பேர்போனது. வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர் அந்த அணுகுமுறையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிம் பக்கம் என்றால் ஏசிஇ, ஏசிஎஸ்எம் போன்ற பன்னாட்டுச் சான்றிதழ்கள் உண்டு. உடற்கல்விக்கென்றே மேலக்கோட்டையூரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹாரி பக் 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி நூறாண்டைத் தாண்டிவிட்டது.

சான்றிதழைவிட முக்கியமான ஒன்றையும் சொல்கிறேன். ஆறு மாதமாவது இன்னொருவர் கூடத்தில் உதவியாளராக நில்லுங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. காலை ஐந்தரைக்குக் கதவைத் திறப்பது, யார் எந்த மாதம் ஃபீஸ் தராமல் இழுக்கிறார், எந்த வாரம் கூட்டம் குறைகிறது, கழிவறை சுத்தமாக இல்லையென்றால் முதலில் யார் நின்றுவிடுகிறார்கள் என்பதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. இந்த ஆறு மாதத்தில் 'இது எனக்கு ஒத்துவராது' என்று தெரிந்தாலும் லாபம்தான். ஓய்வுப் பணம் தப்பித்தது.

பணக் கணக்கு

பெரிய ஜிம்களின் வருமானத்துக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. ஜனவரியில் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு மார்ச்சில் வராமல் போகிறவர்களின் பணத்தில்தான் அது ஓடுகிறது. பணம் கட்டிய எல்லோரும் ஒரே நாளில் வந்தால் நிற்கவே இடம் இருக்காது. நீங்கள் தொடங்கப்போகும் சின்னக் கூடத்தில் இது தலைகீழ். வருகிறவர் தொடர்ந்து வந்தால்தான் பிழைப்பு. அதனால் பெரிய ஜிம்மைப் பார்த்து அப்படியே சின்னதாக ஒன்று போடுவது முதலிலேயே தவறான கணக்கு.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், ஒரு நர்சரிப் பள்ளியின் ஹால், ஒரு அப்பார்ட்மென்டின் கிளப் ஹவுஸ். ஏதோ ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (மண்டபம் என்றால் முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அப்பார்ட்மென்ட் என்றால் வெளியாட்கள் வரலாமா என்பதை அசோசியேஷனிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.) ஒரு பேட்சுக்கு 12 பேர், மூன்று பேட்ச், மொத்தம் 36 பேர். மாதம் 1,500 வீதம் 54,000 ரூபாய். ஆனால் எல்லா மாதமும் எல்லோரும் வரமாட்டார்கள். ஊருக்குப் போவார்கள், காய்ச்சல் வரும், பேரன் பிறப்பான். நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 40,500. ஹாலுக்கு 12,000, உதவிக்கு ஓர் ஆளுக்கு 8,000, மற்ற செலவு 3,500. மிஞ்சுவது 17,000.

இது பெரிய தொகை இல்லை, அதை மறைப்பதில் பயனும் இல்லை. பென்ஷன் வருகிறவருக்கு இது மரியாதையான கூடுதல் வருமானம். வீட்டுக்கடன் தவணையும் கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் இருக்கிற 45 வயதுக்காரருக்கு இது போதாது. அவர் இரண்டு வருடத்துக்கு வேறு வருமானம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

கருவிகள்? 12 மேட், அரை கிலோவிலிருந்து ஐந்து கிலோவரை சில ஜோடி டம்பெல், ரெசிஸ்டன்ஸ் பேண்ட், உறுதியான நாற்காலிகள், ஒரு பிபி மெஷின், ஒரு குளுக்கோமீட்டர். இதற்கு மேல் முதல் வருடம் எதுவும் வேண்டாம்.

இப்போது இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மெயின் ரோட்டில் 1,500 சதுர அடி, அட்வான்ஸ், இன்டீரியர், கண்ணாடி, ஏசி, லட்சங்களில் விலையுள்ள ட்ரெட்மில்கள், கமர்ஷியல் மின்கட்டணம், இரண்டு டிரெயினர், கடன் தவணை. உறுப்பினர் எண்ணிக்கை நூறைத் தாண்டும்வரை ஒவ்வொரு மாதமும் கையிலிருந்துதான் போகும். 2020 மார்ச்சில் மூடிய ஜிம்கள் தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10-ல்தான் திறந்தன. அத்தனை மாதமும் வருமானம் சுழியம், கட்டட வாடகை மட்டும் நிற்கவில்லை. உலகம் முழுக்கப் பெயர்பெற்ற கோல்ட்ஸ் ஜிம்மே அந்த மே மாதம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பலகோடி நிறுவனம் எழுந்துகொள்ளும். ஓய்வுப் பணத்தை மொத்தமாகப் போட்ட தனிமனிதர் எப்படி எழுந்துகொள்வார்?

ஆகவே என் கண்டிப்பான கருத்து: பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதில் போடாதீர்கள். மீதி, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். அதில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் 55 வயதிலேயே சேர வழி இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தையும் மனைவி நகையையும் தொடவே வேண்டாம்.

கடன் வேண்டும் என்றால் வாசல்கள் இருக்கின்றன. முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 வரை, 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை, பிணை இல்லாமல். சின்னக் கூடத்துக்கு இவையே தாராளம். பிஎம்இஜிபி திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மானியத்தோடு கடன் உண்டு. பெண்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் மானியம் கூடுதல், நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். முன்னாள் ராணுவத்தினருக்கு என்றே 2024 சுதந்திர தினத்தன்று தமிழக முதல்வர் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி வரை கடனும் 30 சதவீத மூலதன மானியமும் உண்டு. மானியம் கிடைக்கிறதே என்பதற்காகத் தேவையைப் பெரிதாக்கிக்கொள்வதுதான் இதில் உள்ள ஆபத்து.

உத்யம் பதிவு இலவசம், ஆதாரை வைத்து ஆன்லைனில் செய்யலாம், பணம் கேட்கும் இடைத்தரகர் வேண்டாம். உள்ளாட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. தாண்டினாலும், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையங்களுக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கருவி வாங்கும்போதும் வாடகையிலும் கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. கருவியைக் குறைத்துக்கொண்டவருக்கு இது சாதகம். வகுப்பில் சினிமாப் பாட்டுப் போடுவதற்கும் உரிமம் வேண்டும் என்பது பலருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

புரோட்டீன் பவுடர், மூலிகைக் கஷாயம், எடை குறைக்கும் ஷேக் விற்றால் லாபம் என்று யாராவது கட்டாயம் வந்து சொல்வார்கள். விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும் என்பது ஒரு பக்கம். அதைவிட, சிறுநீரகம் பாதித்த சர்க்கரை நோயாளியிடம் நீங்கள் டப்பாவை நீட்டிய அன்றே உங்கள் பேச்சின் மதிப்பு போய்விடும். விற்காதீர்கள்.

பத்தரை மணி பேட்ச்

ஜிம் தொழிலில் இருப்பவர்கள் காலை பத்து முதல் மாலை நாலு வரை 'செத்த நேரம்' என்பார்கள். அதிகாலையிலும் மாலையிலும்தான் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும். ஆனால் 57 சதவீதம் என்று பார்த்தோமே, அந்தப் பெண்களில் பலருக்குக் காலை ஐந்தரை என்பது நடக்கவே நடக்காத நேரம். பால், டிபன், லஞ்ச் பாக்ஸ், ஸ்கூல் வேன், கணவர் கிளம்புவது, மாமியாருக்கு மாத்திரை. எல்லாம் முடிந்து அவர் கை காய்வது பத்து மணிக்கு. ஹால் வாடகையும் அப்போது மலிவு. பத்தரை மணி பேட்ச் ஒன்று போட்டுப் பாருங்கள். பேட்ச் நிரம்பினால் மாலை நாலு மணிக்கு இன்னொன்று.

அவர்கள் எதை உடுத்திக்கொண்டு வருவார்கள் என்பதையும் யோசித்தே ஆக வேண்டும். ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சப்படும் ஊர்கள் இன்னும் நிறைய. சுடிதாரில் செய்ய முடிகிற பயிற்சிகளாக முதல் மாதத்தை வைத்துக்கொண்டால், உடை தானாக மாறும். பெண்கள் பேட்சில் கை வைத்துத் திருத்த வேண்டிய இடங்களில் ஒரு பெண் பயிற்சியாளர் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவருமாகச் சேர்ந்து தொடங்கும் கூடங்களுக்கு இதில் பெரிய வசதி. வகுப்பை அக்கா பார்த்துக்கொள்ள, கணக்கையும் கதவையும் அண்ணன் பார்த்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடியை நம்புகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையை மறந்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் வாரம் முழுக்க வகுப்பு நின்றுபோகும். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கே வெயில் சுட ஆரம்பித்துவிடும். மாடியில் வகுப்பு என்றால் மழைக்கு மாற்று இடம் ஒன்றை முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், தீபாவளியோடு நின்ற வகுப்பு பொங்கலுக்கும் திரும்பாது.

வாசலில் விட்ட செருப்பு

நம் ஊரில் எந்த ஹாலுக்குள் போனாலும் செருப்பை வாசலில் விடுவது வழக்கம். உடற்பயிற்சி வகுப்பிலும் அப்படித்தான், வெறுங்காலோடு குதிப்பார்கள். பத்து வருட சுகர் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஒரு ஸ்டேப்ளர் பின் குத்தினால்கூடத் தெரியாது. அது புண்ணாகி, ஆறாமல் போய், விரலை எடுக்கிற நிலை வரை கொண்டுவிடும். ஆகவே சுகர் உள்ள எல்லோருக்கும் வகுப்புக்கு மட்டும் ஒரு ஷூ, உள்ளேயே வைத்துக்கொள்ள ஓர் அலமாரி. வாரம் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது ஒரு பழக்கமாகட்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று தாழ் சர்க்கரை. இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, டிபன் சாப்பிடாமல் வந்தவருக்கு நடுவில் திடீரென்று வியர்க்கும், கை நடுங்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். 'களைப்பு, கொஞ்சம் உட்காருங்க' என்று விட்டுவிடக் கூடாது. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. சுகரால் விழித்திரை பாதித்தவர்களுக்குக் கண் டாக்டரின் அனுமதி இல்லாமல் பளு கிடையாது. சேரும்போதே ஒரு பக்கக் கேள்வித்தாள்: நெஞ்சு வலி உண்டா, மயக்கம் வந்ததுண்டா, என்ன மாத்திரை, எந்த டாக்டர், ஆபத்துக்கு யாரைக் கூப்பிடுவது. சந்தேகம் இருந்தால் டாக்டர் சீட்டு வரும்வரை வகுப்பு இல்லை. ஃபீஸும் வாங்க வேண்டாம்.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்த பிறகு, 'ஜிம்முக்குப் போனா ஹார்ட் அட்டாக் வருமாமே' என்ற பயம் நடுத்தர வயதுக்காரர்களிடம் ஊறிவிட்டது. அந்தப் பயத்தைக் கிண்டல் செய்யாமல், சிபிஆர் பயிற்சி எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் எப்படிக் கொடுப்பது என்பதை வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். அது அவர்கள் வீட்டிலும் உதவும். எதற்கும் 'குணமாக்குகிறோம்' என்று போர்டில் எழுதாதீர்கள். சுகர் குறைந்தால் மாத்திரையைக் குறைப்பது டாக்டர் வேலை.

மூன்றாவது மாதம்

முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். இரண்டாவது மாதம் பாதிப்பேர் தடுமாறுவார்கள். மூன்றாவது மாதத்தைத் தாண்டுகிறவர்கள் வருடக்கணக்கில் இருப்பார்கள். அதனால் பத்தாயிரம் ரூபாய்க்கு ஃப்ளெக்ஸ் அடிப்பதைவிட ஒரு வருகைப் பதிவேடு பெரிய விஷயம். இரண்டு நாள் தொடர்ந்து வராதவருக்கு மூன்றாம் நாள் போன் போக வேண்டும், வாட்ஸ்அப் ஃபார்வர்டு போதாது. 'என்னக்கா, ஆளையே காணோம், முட்டி வலியா?' என்று ஒரு வரி. ஃபீஸைப் பற்றி அந்தப் போனில் பேசக் கூடாது. முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் ஆட்களோடு பழகியவருக்கு இந்தப் போன் இயல்பாக வரும். இருபத்தைந்து வயது டிரெயினருக்கு அவ்வளவு சுலபத்தில் வராது.

சரி, நீங்களே வராமல் போனால்? இரண்டாவது வேலையாக இதை எடுத்தவர்களின் கூடங்கள் மூடப்படுவதற்கு வாடகை மட்டும் காரணமாக இருப்பதில்லை. மகளுக்குப் பிரசவம் என்று மூன்று மாதம் அமெரிக்காவுக்கோ பெங்களூருக்கோ போவார்கள். அல்லது தனக்கே ஒரு கண் ஆபரேஷன். திரும்பி வந்து பார்த்தால் மூன்று பேட்சில் ஒன்று மிஞ்சியிருக்கும். முதல் வருடமே, வருகிறவர்களில் ஆர்வமுள்ள இரண்டு பேரைப் பார்த்து, 'நீங்க முன்வரிசையில நில்லுங்க, எண்ணிக்கை நீங்க சொல்லுங்க' என்று தொடங்கிவிட வேண்டும். அவர்களுக்கு ஃபீஸ் வேண்டாம். இரண்டாவது வருடம் அவர்களில் ஒருவரைச் சான்றிதழ்ப் படிப்புக்கு அனுப்பி, அந்தக் கட்டணத்தில் பாதியைக் கூடம் ஏற்றுக்கொள்ளலாம். வாரம் ஒரு வகுப்பை அவர் எடுக்கட்டும், அந்த வகுப்பின் வருமானத்தில் ஒரு பங்கு அவருக்கு. யாருக்கு எந்த முட்டி, யாருக்கு எந்தத் தோள், யார் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்தார் என்பதெல்லாம் உங்கள் நினைவில் மட்டும் இல்லாமல், அந்த நோட்டில் அவர் படிக்கும்படியான கையெழுத்தில் இருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே வகுப்பில் சொல்லிவிட்டு, கடைசி இரண்டு வாரம் அவர் எடுக்க, நீங்கள் பின்வரிசையில் ஒரு மேட்டைப் போட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.